இடுப்பில் கட்டிய சாட்சி

ஆனி பிறந்து மேற்கே மலையில் மேகம் இறங்கிவிட்டால் எங்கள் இலஞ்சியில் முதலில் வருவது போன். சாரல் அதற்குப் பிறகுதான் வரும். பத்து மாதமாக நான் இருக்கிறேனா போய்விட்டேனா என்று விசாரிக்காத சொந்தக்காரர்கள் எல்லாம் வரிசையாகக் கூப்பிடுவார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்.

"தண்ணி விழுதா?"

குற்றாலம் எங்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி. அருவியில் தண்ணீர் விழுகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டியது என் கடமை. நான் காவல்துறையில் எஸ்.எஸ்.ஐ. ஆக இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் சுந்தரபாண்டியன். கடமையில் குறை வைத்தவன் இல்லை. "விழுது, வாங்க" என்று சொல்லிவிடுவேன். 'வாங்க' என்பது ஒரு சொல். அதைச் சொல்வது நான். அதைச் சமைப்பது என் மனைவி சங்கரேஸ்வரி.

இந்த வருஷம் இசக்கிமணி கூப்பிட்டான். என்னோடு போலீஸ் பயிற்சியில் இருந்தவன். இப்போது மதுரையில் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறான்.

"ஏலே பாண்டி, தண்ணி விழுதாலே?"

"கொட்டுதுலே."

"அப்ப நம்ம பேட்ச் பூராவும் வாரோம். குடும்பத்தோட. மூணு நாளு உன் வீட்டுலதான். தங்கச்சி வைக்க சாம்பார நெனச்சாலே நாக்கு ஊறுது."

"வாங்கலே. வீடு எதுக்கு இருக்கு?"

போனை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். சங்கரி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"சங்கரி, நம்ம பேட்ச் வாராங்க."

"எத்தன பேரு?"

"ஒரு வேன்."

அவள் அரிசிச் சட்டியைச் சாய்த்துப் பிடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கட்டா? இந்த வருஷம் நான் ஐந்தருவிக்குப் போணும். தலை நெறைய எண்ணெய வச்சுக்கிட்டு, அவசரம் இல்லாம, வெறைக்க வரைக்கும் நிக்கணும். கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்த நாளுல இருந்து சீசன்ல ஒரு நாளு நான் குளிச்சதில்ல. குளிச்சிட்டு வாரவுகளுக்கு வடிச்சுக் கொட்டத்தான் நேரம் இருக்கு. உங்க பேட்ச்சுக்கு ஒரு ஆள வச்சு சமைச்சுக்கிடுங்க. எனக்கு முட்டு வேற வலிக்கி."

'சரி, போயிட்டு வா' என்று நான் சொல்லியிருக்கலாம். மூன்றே சொல். ஆனால் இசக்கிமணிக்கு ஆள் வைத்துச் சமைத்துப் போட்டால் என் மரியாதை என்ன ஆவது? நான் சொன்னது இது:

"முட்டு ஏன் வலிக்காது? நாள் பூராவும் வீட்டுல சும்மா உக்காந்திருந்தா வலிக்கத்தான் செய்யும். என்னயப் பாரு. தெனமும் வாக்கிங் போறேன். ஒரு வலி உண்டா?"

அவள் கையில் சாய்த்துப் பிடித்திருந்த சட்டியிலிருந்து கழுநீர் மட்டும் வழிந்துகொண்டே இருந்தது. அதில் நாலைந்து அரிசியும் போனது. வழக்கமாக ஒரு அரிசி போக விடமாட்டாள்.

அன்று சாயங்காலம்தான் மாரிச்செல்வி எங்கள் வீட்டு மணியை அடித்தாள். வாசுதேவநல்லூர்க்காரப் பெண். ஒரு மருத்துவக் கல்லூரி நடத்தும் ஆய்வுக்காகத் தெருத்தெருவாகப் போகிறாள். ஜனங்கள் அன்றாடம் எவ்வளவு அசைகிறார்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்தே கழிக்கிறார்கள் என்று அளக்கிறார்களாம். தீப்பெட்டி அளவில் கறுப்பாக இரண்டு கருவிகளை, ஆளுக்கொன்றாக எங்கள் பெயரில் பதிந்து, மேசைமேல் வைத்தாள்.

"இத இடுப்புல கட்டிக்கிடணும் சார். ஆறு நாளு. குளிக்கும்போது மட்டும் கழட்டலாம். நீங்க நடக்கியளா, நிக்கியளா, உக்காந்திருக்கியளான்னு இதுவே குறிச்சுக்கிடும். ரொம்ப நேரம் அசையாம இருந்தா லேசா நடுங்கும்."

இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் தேடிய சாட்சி இதுதான். பல்டி அடிக்காது. பயப்படாது. பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

"இரும்மா. 'சும்மா உக்காந்திருக்கது'ன்னு எதச் சொல்லுதிய? அதத் தெளிவா சொல்லு."

"முழிச்சிருக்க நேரத்துல, உக்காந்தோ சாஞ்சோ படுத்தோ, ஒடம்ப அசைக்காம இருக்கது சார். தூக்கம் கணக்குல வராது."

"நின்னா?"

"நிக்கது வேற. அதுல சேராது."

"டீக்கடைல நின்னுக்கிட்டே டீ குடிச்சா?"

"நிக்கதுதான் சார்."

எனக்குத் தெம்பு வந்தது. குறுக்கு விசாரணையைத் தொடர்ந்தேன்.

"சரி. ஒரு பொம்பள உக்காந்துக்கிட்டே தேங்கா திருகுதா. அது வேலையா, உக்காந்திருக்கதா?"

மாரிச்செல்வி யோசித்தாள். "கை வேலை செய்யுதுதான் சார். ஆனா இது இடுப்ப மட்டுந்தான் பாக்கும். உக்காந்த நேரம்னுதான் குறிக்கும்."

"கேட்டியா சங்கரி?" என்றேன். "தேங்கா திருகுனாலும் சரி, வெங்காயம் உரிச்சாலும் சரி, உக்காந்தா உக்காந்ததுதான். நான் சொல்லல. சயின்ஸ் சொல்லுது."

"கேட்டுக்கிட்டேன்," என்றாள் சங்கரி.

"இன்னொண்ணும் இருக்கு சார்," என்றாள் மாரிச்செல்வி. "காலைல நல்லா நடந்துட்டு மீதி நாள் பூராவும் உக்காந்தே இருக்கவங்களும் இருக்காங்க. நடந்தது நடந்த கணக்கு, உக்காந்தது உக்காந்த கணக்கு. ஒண்ண ஒண்ணு அழிக்காது."

அது எனக்குத் தேவையில்லாத சட்டப்பிரிவு. காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் முன்னாலேயே தீர்ப்பின் நிபந்தனைகளை அறிவித்தேன்.

"சங்கரி, இந்தக் கருவியே சொல்லட்டும். நான் உன்னய விடக் கொறச்சலா அசைஞ்சிருந்தா பேட்ச்சுக்கு நானே சமைக்கேன். நீ மூணு நாளும் அருவியிலயே கெட."

"நான் தோத்தா?"

"வழக்கம் போல."

அவள் சிரித்தாளா, இல்லையா என்று அப்போது நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்குள் எந்த இயந்திரம் வந்தாலும் குங்குமம் வைக்காமல் சங்கரி தொடமாட்டாள். ஃபிரிட்ஜுக்கு வைத்தாள். என் பைக்குக்கு வைத்தாள். காஸ் சிலிண்டர் ஒவ்வொரு தடவை மாறும்போதும் அதற்கும் உண்டு. இந்தக் கருவிக்கும் மோதிர விரலால் தொட்டு நடு நெற்றியில் வைப்பதுபோல ஒரு பொட்டு வைத்தாள்.

"உங்களுதுக்கும் வைக்கட்டா?"

"சாட்சிக்குப் பொட்டு வைக்கப்படாது," என்றேன்.

மறுநாள் காலை கருவியைக் கட்டிக்கொண்டு வாக்கிங் புறப்பட்டேன். என் துணை முகம்மது கனி. எங்கள் தெருக்காரர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுவதும் நின்றே கழித்தவர் என்பதால் இப்போது உட்கார்வதில் அவருக்குத் தனிப் பிரியம். இருவரும் குற்றாலம் ரோட்டில் தென்னந்தோப்பு ஓரமாக நடந்து, வாய்க்கால் பாலம் வந்ததும் அதன் சுவரில் உட்கார்வோம். உலக நடப்புகளைத் தீர்மானிப்போம். எதிரே டீக்கடை. டீ பாலத்துக்கே வரும்.

அன்று வெளிநாட்டு விவகாரத்தின் பாதியில் என் இடுப்பு நடுங்கியது.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு போன் வருது," என்றார் கனி.

"போன் இல்ல. கருவி. ரொம்ப நேரமா உக்காந்திருக்கேன்னு சொல்லுது."

"உண்மையத்தான சொல்லுது."

"என்ன கனி, நாம வாக்கிங்லல்லா இருக்கோம்?"

"எங்க அண்ணாச்சி நடந்தோம்? வீட்டுல இருந்து பாலம் வரைக்கும் நடந்தோம். வெயில் வந்துட்டா நீங்க ஷேர் ஆட்டோவக் கை காட்டுதிய. மீதி பூராவும் இந்தச் சுவருதான்."

நண்பன் என்று நினைத்திருந்தேன். அன்று முதல் அவரை எதிர்த்தரப்புச் சாட்சிகளில் சேர்த்துவிட்டேன்.

பேப்பர் படிக்கும்போது நடுங்கியது. சலூனில் நடுங்கியது. முடிவெட்டுகிறவர் கத்திரியை நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி, ஒடம்புக்கு ஏதும்...?" என்று கேட்டார். டிவியில் செய்தி பார்க்கும்போது நடுங்கியது. மத்தியானம் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தபோதும் விடவில்லை. போலீஸ் வேலையில் என்னை எந்த அதிகாரியும் இப்படி விரட்டியதில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் சங்கரியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "என்ன, ஒனக்கு இது அடிக்கடி நடுங்குதோ?"

"நடுங்குமா?" என்றாள் அவள். "எனக்கு ஒரு தடவகூட நடுங்கலியே. ரிப்பேரா இருக்குமோ? மாரிகிட்டச் சொல்லணும்."

ரிப்பேர் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வேன் ஆட்களுக்கு நான் சமைக்க வேண்டும். எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதுவும் அடுப்பை அவள் பற்றவைத்துக் கொடுத்தால்.

எத்தனையோ திருட்டைப் பிடித்தவன் நான். ஒன்றைச் செய்வது அவ்வளவு கடினமாக இருக்காது என்று நினைத்தேன்.

நாலாம் நாள் காலை சங்கரி கருவியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் வேலையை ஆரம்பித்தேன். என் இடுப்பு வாரிலிருந்து என் கருவியைக் கழற்றினேன். அவள் வாரிலிருந்து அவளுடையதைக் கழற்றினேன். இடம் மாற்றினேன். இனி அவள் எத்தனை தடவை எழுந்தாலும், குனிந்தாலும், மாடி ஏறினாலும் எல்லாம் என் பெயரில் ஏறும். நான் பாலத்துச் சுவரில் உட்காருவதெல்லாம் அவள் பெயரில் ஏறும். ஒரே ஒரு தடயம்தான் மிச்சம். அவள் வைத்த பொட்டு. அதை ஈரத்துணியால் துடைத்தேன். பூஜை அலமாரியிலிருந்து குங்குமம் எடுத்து, மற்றதில் அதே இடத்தில் அழுத்தி வைத்தேன். ஸ்டேஷனில் எத்தனையோ பேரின் விரலைப் பிடித்து ரேகை வைத்து வைத்து, எதையும் ஒட்டும்படி அழுத்தி வைப்பது எனக்குக் கைவந்த வேலை.

குளித்துவிட்டு வந்தாள். ஜன்னலோரம் போய்க் கருவியை எடுத்தாள். பார்த்தாள். கட்டிக்கொண்டாள். நான் பேப்பருக்குப் பின்னால் இருந்தேன்.

பிறகு முப்பது வருஷத்தில் நடக்காத ஒன்று நடந்தது. சங்கரி கூடத்துக்கு வந்து, என் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாள். முக்காலியை இழுத்து இரண்டு காலையும் அதன்மேல் நீட்டினாள்.

"என்னட்டி?"

"முட்டு வலிக்கி."

"காப்பி?"

"அடுப்பு அங்கனதான் இருக்கு."

விளையாட்டு என்று நினைத்தேன். பத்து மணி ஆயிற்று. என் வயிறு பேச ஆரம்பித்தது. அவள் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். சீரியலில் யாரோ யாரையோ ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஓட்டல்ல வாங்கிட்டு வரட்டா? பைக்ல செங்கோட்டைக்குப் போனா பரோட்டா வாங்கிரலாம்."

"எனக்கு அந்த எண்ணெய் ஒத்துக்கிடாது. ஒங்களுக்கு வேணும்னா சாப்பிடுங்க. எனக்கு ஒரு கை ரசஞ்சோறு போதும். இல்லன்னா சும்மா கெடக்கேன்."

அவள் நீட்டியிருந்த காலைப் பார்த்தேன். ஒரு முட்டி வீங்கித்தான் இருந்தது. அது எப்போதிருந்து வீங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் உட்கார்ந்து நான் பார்த்திருந்தால்தானே தெரியும்? எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

"ரொம்ப வலிக்கா சங்கரி?"

"உக்காந்திருந்தா வலிக்கல," என்றாள்.

அடுக்களைக்குள் போனேன். அவள் கூடத்திலிருந்தே சொல்லிக்கொடுத்தாள். புளி இடது பக்கம் மேல் தட்டில். மிளகு வலது பக்கம் கீழே. உப்பு ஜாடி குனிந்தால்தான் எடுக்க முடியும். கறிவேப்பிலை கொல்லையில். ஒரு ரசத்துக்கு ஒரு மனுஷன் இவ்வளவு நடக்க வேண்டுமா என்று எனக்கு அதுவரை தெரியாது. கையைச் சுட்டுக்கொண்டேன். கை சுட்டதால் ரசம் கொட்டியது. கொட்டியதால் தரை துடைத்தேன். துடைத்ததால் மறுபடி ரசம் வைத்தேன்.

சாப்பிட்டு முடித்து, பாத்திரம் தேய்த்துவிட்டு, முந்தானை இல்லாததால் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். சங்கரி வியப்போடு தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏங்க! நீங்க சொன்னிய பாத்தியளா, இந்தா நடுங்குது. நல்லாத்தான் இருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே நடுங்குவது என் கருவி. என் பெயரில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். அவள் பெயரில் நான் பாத்திரம் தேய்த்திருக்கிறேன்.

மறுபடி மாற்றிவிடலாம் என்று அடுத்த நாள் காலை ஜன்னலோரம் காத்திருந்தேன். அவள் குளிக்கப் போனாள். ஜன்னல் விளிம்பு காலியாக இருந்தது.

"கருவிய எங்கட்டி?" என்று குளியலறைக் கதவைப் பார்த்துக் கேட்டேன்.

"பாலிதீன் கவருல சுத்தி இடுப்புலயே கட்டிருக்கேன். கழட்டி வைக்க பயமா இருக்குங்க. காலம் கெட்டுக் கெடக்கு."

இனி ஒரே வழிதான் இருந்தது. நானும் அசையக் கூடாது. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அடுப்பு எரியவில்லை. வாசல் பெருக்கவில்லை. முதலில் யார் எழுந்திருப்பது என்பதுதான் வழக்கு. விசாரணைக் கைதிகளிடம் இந்த முறையைக் கையாண்டிருக்கிறேன். எப்போதும் எதிரில் இருப்பவன்தான் முதலில் உடைவான். அவள் இடுப்பு நடுங்கியது. சற்றுப் பிறகு என் இடுப்பும் நடுங்கியது. நான் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வெளியே வெளிச்சம் மங்கியது. மலையிலிருந்து குளிர்காற்று இறங்கி ஜன்னல் கதவை ஆட்டியது.

"சாரல் வருது," என்றாள் சங்கரி.

"வரட்டும்."

"மாடில மோர் மிளகா காயுது."

நான் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"நான் திங்கதில்ல. எனக்கு வயித்துக்கு ஆகாது. ஒங்களுக்குன்னுதான் போட்டேன். நல்ல குண்டு மிளகா. இந்த வருஷம் இனி கெடைக்காது."

முதல் துளி ஜன்னல் தகரத்தில் விழுந்தது. மோர் மிளகாய் இல்லாமல் எனக்குத் தயிர்சாதம் இறங்காது என்பது பேட்ச் முழுக்கத் தெரிந்த செய்தி. மாடிக்கு ஓடினேன். மிளகாய் ஒரு தட்டில் இல்லை. மாடி முழுவதும் முறம் முறமாகப் பரப்பியிருந்தாள். ஒவ்வொரு முறமாக இறக்கினேன். கூழ்வடகப் பாயை இறக்கினேன். கொடியில் கிடந்த துணிகளை இறக்கினேன். கடைசிப் படியில் நிற்கும்போது சாரல் நின்று வெயில் அடித்தது. எங்கள் ஊர்ச் சாரலின் குணம் அது.

"வெயில் வந்துட்டுங்க. ஈரம் பட்டா பூஞ்சை பூத்துரும். மறுபடி கொண்டுபோய் காயப் போடுங்க."

அன்று சாரல் எத்தனை தடவை வந்து போனது என்று நான் எண்ணவில்லை. எண்ண மூச்சு இல்லை. நடுவில் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. குடம் சுமந்தேன். முகம்மது கனி தன் வீட்டு வாசலில் நின்று பார்த்தார்.

"அண்ணாச்சி, இதுக்குப் பேருதான் வாக்கிங்," என்றார்.

அடுத்த நாளும் அப்படியே போனது. ஒரு வீட்டுக்குள் இவ்வளவு தூரம் இருக்கிறது என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. முதுகு பிடித்துக்கொண்டது. நான் படுக்கும்போது சங்கரி பக்கத்தில் வந்து தைலம் தேய்த்துவிட்டாள். நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். பேசினால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

ஆறு நாளும் முடிந்தது. மாரிச்செல்வி வந்தாள். இரண்டு கருவிகளையும் வாங்கி ஒவ்வொன்றாக லேப்டாப்பில் மாட்டினாள். திரையில் கோடுகள் வந்தன. அசைந்த நேரம் பச்சை. உட்கார்ந்த நேரம் சிவப்பு.

"அம்மா, இது ஒங்களுது. எம்மாடி!" என்றாள். "பூராவும் பச்சை. அதுலயும் கடைசி மூணு நாளு பாருங்க. படி ஏறி ஏறி எறங்கியிருக்கிய. இந்தத் தெருவுல இப்பிடி ஒருத்தரயும் நான் பாக்கல."

"எல்லாம் வீட்டு வேலைதான் தாயி," என்றாள் சங்கரி அடக்கமாக.

"சார், இது ஒங்களுது." மாரிச்செல்வியின் குரல் இறங்கியது. ஆஸ்பத்திரியில் கேட்கும் குரல் அது. "மொத மூணு நாளு பரவால்ல, பாதிக்கு மேலதான் சிவப்பு. கடைசி மூணு நாளு எந்திரிக்கவே இல்லியே சார். ஒடம்பு சரியில்லையா?"

எழுந்திருக்கவில்லையாம். நின்றுகொண்டுதான் கேட்டேன் அதை. உட்கார்ந்தால் முதுகு வலித்தது.

"கையில என்ன சார் காயம்? சுட்டுக்கிட்டியளா?"

"அவுக சும்மா உக்காந்திருக்கும்போது பட்டிருக்கும்," என்றாள் சங்கரி.

என்னால் பொறுக்க முடியவில்லை. ரசம் வைத்தவன் நான். மிளகாய் சுமந்தவன் நான். குடம் தூக்கியவன் நான். என் உழைப்பு என் கண் முன்னால் இன்னொருவர் பெயரில் பச்சையாக நிற்கிறது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"சொல்லணும்னா சொல்லுங்க," என்றாள் சங்கரி. அவள் கட்டியிருந்த கருவியை மேசையிலிருந்து எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

அதில் குங்குமம் இருந்தது. பொட்டு வட்டமாக இல்லை. நீள்வட்டமாக, பெரிதாக, சுழிசுழியாகக் கோடுகளோடு இருந்தது. மோதிர விரலால் வைத்தால் பொட்டு. நான் கட்டைவிரலால் அழுத்தி, பழக்கதோஷத்தில் உருட்டியும் வைத்திருந்தேன். இவ்வளவு தெளிவான ரேகையை உத்தியோகத்தில் இருந்தபோதுகூட நான் எடுத்ததில்லை.

"நான் ஒண்ணும் படிக்கல," என்று மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "போலீஸ்காரர் பொண்டாட்டியா இருக்கேன். அவ்வளவுதான்."

உழைத்தது நான் என்று சொல்ல வேண்டுமானால் மாற்றியதும் நான் என்று சொல்ல வேண்டும். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"எம்மா மாரி," என்றாள் சங்கரி, "ஒரு உபகாரம் செய்யி. அந்தக் கடைசி மூணு நாள எங்க ரெண்டு பேருக்கும் ஒங்க ஆய்வுல சேக்காத."

"ஏம்மா?"

"வீட்டுல வழக்கமா நடக்கது எதுவும் அந்த மூணு நாளு நடக்கல தாயி. தப்பான கணக்கு ஒங்களுக்கு எதுக்கு?"

"நல்லவேளை சொன்னிய. வழக்கமான நாளத்தான் நாங்க பாக்கணும்," என்று மாரிச்செல்வி அவற்றை நீக்கிவிட்டாள். "மொத மூணு நாள மட்டும் எடுத்துக்கிடுதேன். அதுலயும் அம்மாதான் சார். பக்கத்துலகூட நீங்க வரல."

இந்த வீட்டில் நான் உழைத்த மூன்று நாட்கள் அறிவியலில் இல்லாமல் போயின. அவற்றுக்கு இன்று ஒரே சாட்சி முகம்மது கனிதான். அவரும் கேட்டால் சிரிக்கிறார்.

ஆடி பிறந்ததும் பேட்ச் வந்தது. வேனிலிருந்து இசக்கிமணி குதித்து இறங்கி என்னைக் கட்டிப் பிடித்தான். "தங்கச்சி சாம்பார் வாசன தெருமுனை வரைக்கும் வருதுலே!" என்றான். அது என் சாம்பார். வாசனை அல்ல, தீய்ந்த நெடி.

சங்கரி உள்ளேயிருந்து வந்தாள். தலை நிறைய நல்லெண்ணெய். அது நெற்றியில் வழிந்து மினுங்கியது. தோளில் துண்டு. கையில் சீயக்காய்ப் பொட்டலம். வந்த பெண்களோடு அதே வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கல்யாணத்தன்று மணமேடையில் பார்த்த முகம் அது. அத்தனை வருஷம் அந்த முகம் இந்த வீட்டில்தான் இருந்ததா என்று நினைத்தேன். கையை அசைத்தேன். அவளும் அசைத்தாள். ஆண்கள் எல்லோரும் முதல் பந்திக்குக் காத்திருந்ததால் நான் அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

பந்தி முடிந்ததும், ராத்திரிச் சாம்பாருக்காக அடுக்களையில் ஒரு மணையைப் போட்டுச் சின்ன வெங்காயத்தைக் குவித்துக்கொண்டு உரிக்க ஆரம்பித்தேன். ஒரு வேனுக்குத் தேவையான சின்ன வெங்காயம் எவ்வளவு என்பதை உரித்தவர்கள் அறிவார்கள். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. அப்போது போன் அடித்தது. சீசன் போன்தான், வேறு யார் என்று எடுத்தேன்.

அந்தப் பக்கம் பேச்சே கேட்கவில்லை. அருவியின் இரைச்சல். அதற்கு நடுவே பெண்களின் சிரிப்பு. பிறகு சங்கரி, பல் கிட்டிக்க, கத்திப் பேசினாள்.

"ஏங்க, தண்ணி நல்லா விழுது! மரத்துப்போச்சு எனக்கு! முட்டு வலி எங்க போச்சுன்னே தெரியல!"

"நல்லா குளி," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"நீங்க என்ன செய்யுதிய?"

"வெங்காயம் உரிக்கேன்."

"நின்னுக்கிட்டா, உக்காந்துக்கிட்டா?"

"இவ்வளவு வெங்காயத்த நின்னுக்கிட்டா உரிக்க முடியும்? உக்காந்துதான்."

"அப்ப வீட்டுல சும்மாதான் உக்காந்திருக்கியன்னு சொல்லுங்க," என்று போனை வைத்துவிட்டாள்.